திரையில் தெரிந்த 7: ஃபங்ஷன் பயிற்சிகளைப் பால் கணக்கில் மாற்றிய ஒரு வகுப்பு

பின்னணி

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் வழியில், ஒரு கிராம நூலகக் கூடத்தில் விடுமுறை நாள்களில் நிரலாக்க வகுப்பு எடுக்கிறேன். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா இது. ஆந்திரத்துச் சித்தூர் வேறு. வேலந்தாவளம் செக்போஸ்டைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம் வந்துவிடும். வீட்டில் கொங்குத் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம் என்று இரண்டிலும் புழங்கும் ஊர்கள். வகுப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் தமிழ்வழியில் படிக்கும் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். பிளஸ் ஒன் படிப்பவர்கள் சிலரும் உண்டு.

கம்ப்யூட்டர் இவர்களுக்குப் புதிதில்லை. கேரளப் பள்ளிகளில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2001இலேயே தொடங்கிவிட்டது. 2017இல் அது கைட் என்ற அரசு நிறுவனமானது; 2018இலிருந்து பள்ளிகளில் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் ஐ.டி. மன்றங்கள் நடக்கின்றன. பத்தாம் வகுப்பில் ஐ.டி.க்குத் தனிச் செய்முறைத் தேர்வே இருக்கிறது. பைத்தான் நிரல்மொழியில், திரையில் நகர்ந்து கோடு போடும் ஆமையை ஓட்டிச் சதுரமும் நட்சத்திரமும் வரைந்து பழகிய கைகள் இவை. பைத்தானை எழுதி ஓட்டும் ஐடில் ஜன்னலைத் திறக்கவும், எஃப்5 அழுத்தி ஓட்டவும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட பிள்ளைகள் ஃபங்ஷன் பாடத்தில் ஒரே இடத்தில் மொத்தமாக நின்றுபோனார்கள். ஃபங்ஷன் என்பது ஒரு வேலையைச் செய்யப் பெயர் வைத்து எழுதும் நிரல் துண்டு; வேண்டும்போது பெயர் சொல்லிக் கூப்பிடலாம். அது ஏன், எப்படி வெளியே வந்தார்கள் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். தொடக்க நிலையில் ஃபங்ஷன் சொல்லித்தரும் யாருக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

நிரல் வரிகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஓட்டும்போது டெஃப் (ஃபங்ஷனைத் தொடங்குவது), ரிட்டர்ன் (விடையைத் திருப்பித்தருவது), பிரிண்ட் (திரையில் காட்டுவது), இஃப் (நிபந்தனை பார்ப்பது) போன்றவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். நாம் வைக்கும் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.

என்ன நடந்தது

முதலில் கொடுத்தது எல்லா இடத்திலும் கொடுக்கிற வழக்கமான பயிற்சித் தாள். ஓர் எண்ணின் வர்க்கம், ஒற்றையா இரட்டையா, செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்றுவது, வட்டத்தின் பரப்பு, இரண்டு எண்ணில் பெரியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷன். சீக்கிரமே முடித்துவிட்டார்கள். விடையும் சரியாகத்தான் இருந்தது.

அடுத்த பயிற்சி இது: "இரண்டில் பெரியதைக் கண்டுபிடிக்கும் ஃபங்ஷனை வைத்தே மூன்றில் பெரியதைக் கண்டுபிடி. புதிதாக இஃப் எழுதக் கூடாது."

பெரும்பாலோரிடம் இருந்த ஃபங்ஷன் இப்படி:

டெஃப் பெரியது(அ, ஆ):
    இஃப் அ > ஆ:
        பிரிண்ட்(அ)
    எல்ஸ்:
        பிரிண்ட்(ஆ)

ஒரு பத்தாம் வகுப்புப் பெண் கொஞ்சம் யோசித்து, பெரியது(பெரியது(4, 7), 5) என்று அடித்தாள். ஒன்றுக்குள் ஒன்றை வைக்க வேண்டும் என்ற யோசனை தானாகவே வந்திருக்கிறது, அது சின்ன விஷயமில்லை. திரையில் முதலில் 7 வந்தது. அதன் கீழே சிவப்பில் சில வரிகளில் டைப்எரர் என்ற பிழைச் செய்தி.

"ஏழு வந்திருச்சுங்களே டீச்சர். அப்புறம் ஏனுங்க சிவப்பா வருது?"

அவள் கேட்டது நியாயம்தான். 4, 7, 5 மூன்றில் பெரியது 7. திரையில் 7 இருக்கிறது. அவள் கண்ணுக்கு விடை வந்தாகிவிட்டது. அதன் பிறகு மெஷின் எதற்கோ முரண்டு பிடிக்கிறது. பக்கத்தில் இருந்த பையன்கள் வேறு எண்களைப் போட்டுப் பார்த்தார்கள். 4, 7, 9 போட்டபோதும் அதே 7, அதே சிவப்பு. அப்போதுதான் அந்த 7 மூன்றுக்குமான விடை இல்லை என்பது தெரிந்தது. உள்ளே இருந்த பெரியது(4, 7) தன் வேலையைத் திரையில் காட்டிவிட்டுப் போய்விட்டது. வெளியே இருந்த ஃபங்ஷனின் கைக்கு வந்து சேர்ந்தது ஒன்றுமேயில்லை. பைத்தான் அந்த ஒன்றுமில்லாததை 'நன்' என்கிறது. நன்னையும் 5ஐயும் வைத்து எது பெரியது என்று கேட்டால் அது என்ன செய்யும்? சிவப்பு வந்ததற்கு அதுதான் காரணம்.

எங்கே சிக்கியது

"பிரிண்ட் போடாதே, ரிட்டர்ன் போடு" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். அன்றைக்கு எல்லாரும் மாற்றியிருப்பார்கள், அடுத்த வாரம் திரும்பப் பிரிண்ட் போட்டிருப்பார்கள். இந்தக் குழப்பம் கவனக்குறைவால் வருவதில்லை. பிள்ளைகள் பார்த்துப் பழகியதிலிருந்து ஒழுங்காக யோசித்தே அந்த முடிவுக்கு வருகிறார்கள். அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். மூன்று காரணங்கள் கிடைத்தன.

முதலாவது, ஆமை. பள்ளியில் இவர்கள் எழுதிய ஃபங்ஷன் எல்லாம் படம் வரைவது. சதுரம்() என்று கூப்பிட்டால் சதுரம் திரையில் வந்து நிற்கும். அங்கே ஃபங்ஷனின் வேலையே கண்ணுக்குத் தெரிவதுதான். அது எதையும் திருப்பித்தர வேண்டிய தேவை வந்ததே இல்லை. ஆமையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பழைய லோகோ நிரல்மொழிக் காலத்திலிருந்து குழந்தைகளுக்கு நிரலாக்கத்தின் மேல் ஆசை வர ஆமையைப் போல உதவியது வேறில்லை. ஆனால் படம் வரைகிற ஃபங்ஷனிலிருந்து கணக்குப் போடுகிற ஃபங்ஷனுக்கு வரும்போது நடுவில் ஒரு படி வேண்டும். தாளில் அந்தப் படி இல்லை.

இரண்டாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஐடிலில் மூன்று கூர்முனை போட்டுக் காத்திருக்கும் ஷெல் ஜன்னல் இருக்கிறதல்லவா, அது பிரிண்டையும் ரிட்டர்னையும் ஒன்றுபோலவே காட்டும். ரிட்டர்ன் போட்ட ஃபங்ஷனை அங்கே கூப்பிட்டாலும், வந்த மதிப்பை ஷெல் தானாகவே அடுத்த வரியில் எழுதிவிடும். அது நம் வசதிக்காகச் செய்கிற உபகாரம். ஆனால் புதிதாகப் படிக்கிற பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான் என்று அது சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

இதை வகுப்பில் நேராகவே காட்டினோம். வர்க்கம்1 என்று ஒரு ஃபங்ஷன், உள்ளே பிரிண்ட். வர்க்கம்2 என்று இன்னொன்று, உள்ளே ரிட்டர்ன். ஷெல்லில் வர்க்கம்1(5) என்றால் 25. வர்க்கம்2(5) என்றாலும் 25. வித்தியாசம் சொல்லுங்கள் பார்க்கலாம் என்றேன், யாராலும் முடியவில்லை. அதே இரண்டு வரிகளை ஒரு ஃபைலில் எழுதி எஃப்5 அழுத்தச் சொன்னேன். ஒரே ஒரு 25தான் வந்தது. வர்க்கம்2 கணக்கைப் போட்டு விடையைத் தந்தது. வாங்கிக்கொள்ள ஆளில்லாததால் அது அப்படியே போய்விட்டது. பிறகு இரண்டு ஃபங்ஷன்களையும் எண்ணுக்குப் பதிலாக ஒரு சொல்லைத் தரும்படி மாற்றினோம். இப்போது ஷெல்லிலேயே வித்தியாசம் தெரிந்தது: பிரிண்ட் போட்டது சொல்லை மட்டும் காட்டியது, ரிட்டர்ன் போட்டது மேற்கோள் குறியோடு காட்டியது. எண்ணுக்கு மேற்கோள் குறி கிடையாது என்பதால்தான் எண் பயிற்சிகளில் இந்தத் துப்பு கிடைப்பதே இல்லை.

மூன்றாவது, பயிற்சித் தாள். அதிலிருந்த ஒவ்வொரு கணக்கும் தனித்தனித் தீவு. ஒன்றின் விடை இன்னொன்றுக்குத் தேவைப்படவே இல்லை. வட்டத்தின் பரப்பைக் கண்டுபிடித்தாயா, திரையில் வந்துவிட்டதா, சரி, அடுத்தது. அப்படி ஒரு தாளில் பிரிண்ட் போட்டவனும் முழு மதிப்பெண் வாங்குவான், ரிட்டர்ன் போட்டவனும் முழு மதிப்பெண் வாங்குவான். ஃபங்ஷன் எதற்காக இருக்கிறதோ அந்தத் தேவை அங்கே எழவே இல்லை. திரையில் முடிகிற பயிற்சி திரையைத்தான் சொல்லிக்கொடுக்கும்.

பால் கணக்கு

ஆகவே தாளையே மாற்றுவது என்று முடிவு செய்தேன். புதுத் தாளில் ஒரு ஃபங்ஷன் தருவதை அடுத்த ஃபங்ஷன் வாங்க வேண்டும், வாங்காமல் கணக்கு முடியவே கூடாது. பிரிண்ட் முழு நிரலிலும் ஒரே ஒரு தடவை, அதுவும் கடைசி வரியில்.

இந்த ஊர்ப் பக்கம் இதற்குப் பொருத்தமான கணக்கு பால்தான். சித்தூர் வட்டாரம் பாலுக்குப் பேர்போனது. மீனாட்சிபுரம் செக்போஸ்டில் தமிழ்நாட்டிலிருந்து வரும் பாலைப் பரிசோதிக்கிற இடத்தைப் பிள்ளைகள் பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறார்கள். பலர் காலையில் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத்தான் பள்ளிக்கே போகிறார்கள். ரீடிங், ஃபேட், எஸ்.என்.எஃப். எல்லாம் அவர்கள் வீட்டில் தினமும் காதில் விழுகிற வார்த்தைகள். வீட்டுப் பால் அட்டையில் பார்க்கிற எண் எங்கிருந்து வருகிறது என்று அவர்களே போட்டுப் பார்க்கட்டும் என்றும் ஓர் ஆசை எனக்கு இருந்தது.

கணக்கு இப்படிப் போகும். பாலில் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டால் ஒரு ரீடிங் கிடைக்கும். 28 என்றால் அந்தப் பாலின் அடர்த்தி தண்ணீரைப் போல 1.028 மடங்கு. பால் சூடாக இருந்தால் அடர்த்தி குறையும், லாக்டோமீட்டர் கொஞ்சம் ஆழமாக இறங்கும், ரீடிங் குறைவாகக் காட்டும். அதனால் சூட்டுக்கு ஏற்றபடி ரீடிங்கைத் திருத்த வேண்டும். 27 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.2 கூட்டுவது என்று பயிற்சிக்கு வைத்துக்கொண்டோம். திருத்திய ரீடிங்கும் கொழுப்பும் தெரிந்தால் எஸ்.என்.எஃப்., அதாவது கொழுப்பு நீங்கலான திடப்பொருள் எத்தனை சதவீதம் என்று கணக்கிடலாம்: ரீடிங்கில் கால் பங்கு, கொழுப்பில் கால் பங்கு, கூட 0.44. கொழுப்புக்கு ஒரு விலை, எஸ்.என்.எஃப்.க்கு ஒரு விலை என்று சேர்த்தால் பாலின் விலை. கொழுப்பு கிலோ 400 ரூபாய், எஸ்.என்.எஃப். கிலோ 300 ரூபாய் என்று நாங்களே ஒரு பயிற்சி விலை வைத்தோம். ஒரு சதவீதம் என்பது கிலோவில் 10 கிராம்; ஆக ஒவ்வொரு சதவீதத்துக்கும் கொழுப்புக்கு 4 ரூபாய், எஸ்.என்.எஃப்.க்கு 3 ரூபாய். சொசைட்டியின் விலைப்பட்டியல் வேறு, அதை வகுப்புக்குள் கொண்டுவரவில்லை.

டெஃப் திருத்தம்(ரீடிங், சூடு):
    ரிட்டர்ன் ரீடிங் + (சூடு - 27) * 0.2

டெஃப் எஸ்என்எஃப்(ரீடிங், கொழுப்பு):
    ரிட்டர்ன் ரீடிங் / 4 + 0.25 * கொழுப்பு + 0.44

டெஃப் விலை(கொழுப்பு, திடம்):
    ரிட்டர்ன் கொழுப்பு * 4 + திடம் * 3

டெஃப் தொகை(அளவு, ஒருவிலை):
    ரிட்டர்ன் ரவுண்ட்(அளவு * ஒருவிலை, 2)

மெஷினைத் தொடுவதற்கு முன் தாளில் போட்டார்கள். ரீடிங் 27, சூடு 32, கொழுப்பு 4.0, பால் 6.5 லிட்டர். திருத்திய ரீடிங் 28. எஸ்.என்.எஃப். 7 + 1 + 0.44 = 8.44. விலை 16 + 25.32 = 41.32. தொகை 268.58. இந்த நான்கு எண்களையும் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒவ்வொரு ஃபங்ஷனையும் எழுதியதும் அந்த எண் வருகிறதா என்று தனியாகச் சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

ஓட்டுவதற்கு முன் இன்னொன்றும் செய்தோம். நான்கு பேரை பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்து, ஆளுக்கொரு ஃபங்ஷன் என்று வைத்தோம். கையில் ஒரு சீட்டும் பென்சிலும். பக்கத்து ஆள் சீட்டில் எழுதித் தருவதை மட்டும்தான் பயன்படுத்தலாம். வாயால் சொல்வது காதில் விழுந்தாலும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டாவதாக உட்கார்ந்திருந்த பையன் பழக்கத்தில் "எட்டு புள்ளி நாலு நாலு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வெறும் சீட்டைத் தள்ளினான். மூன்றாமவள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல ஒண்ணுமே இல்லையேடா, நான் எதை மூணால பெருக்கறது?" கூடம் முழுக்கச் சிரிப்பு. மெஷின் நன்னை 3ஆல் பெருக்க முடியாது என்று சொல்வது எதைப் பற்றி என்று அதன்பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்று மதியம் டைப்எரர் வந்தவர்கள் என்னைக் கூப்பிடாமல், "எந்தச் சீட்டு காலி?" என்று மேலே உள்ள ஃபங்ஷன்களைத் தாங்களே தேடிப் போனார்கள்.

ஒருவன் ரிட்டர்னுக்கு அடுத்த வரியில் பிரிண்டையும் எழுதியிருந்தான், இரண்டும் இருக்கட்டுமே என்று. அந்தப் பிரிண்ட் ஓடவே இல்லை. ரிட்டர்ன் வந்ததும் ஃபங்ஷனை விட்டு வெளியே வந்தாகிவிட்டது, அதற்குக் கீழே எழுதியது எதுவும் நடக்காது என்பது அவன் மூலமாக எல்லாருக்கும் தெரிந்தது.

இடம் மாறிய இரண்டு எண்கள்

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஒரு பிளஸ் ஒன் மாணவன் எஸ்என்எஃப்(4.0, 28) என்று கூப்பிட்டிருந்தான். முதலில் வர வேண்டியது ரீடிங், இரண்டாவது கொழுப்பு. அவன் மாற்றிப் போட்டுவிட்டான். 28 சதவீதம் கொழுப்புள்ள பாலை எந்த மாடும் தராது. ஆனால் விடை 8.44, தாளில் எழுதியதோடு அச்சாகப் பொருந்தியது. நானும் பார்த்தேன், அவனும் பார்த்தான், தவறு கண்ணில் படவில்லை.

காரணம் சூத்திரத்திலேயே இருந்தது. ரீடிங்கை 4ஆல் வகுப்பதும் 0.25ஆல் பெருக்குவதும் ஒன்றுதான். கொழுப்பையும் 0.25ஆல்தான் பெருக்குகிறோம். ஆக இரண்டு எண்களும் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது. சரியான சோதனையைத்தான் வைத்திருந்தோம், அது பாஸாகவும் ஆனது, ஆனாலும் நிரல் தவறு.

பிடிபட்டது எப்படி என்றால், அடுத்த பயிற்சியில். எஸ்.என்.எஃப். சூத்திரத்தின் எண்கள் எல்லா இடத்திலும் ஒன்றில்லை. கொழுப்பை 0.2ஆல் பெருக்கி 0.36 கூட்டுகிற முறையும் புழக்கத்தில் உண்டு. அந்த எண்களை ஃபங்ஷனுக்குள் புதைத்து வைக்காமல், வெளியிலிருந்து கொடுக்கிற மாதிரி மாற்றச் சொல்லியிருந்தேன். கொடுக்காவிட்டால் பழைய எண்களே இருக்கட்டும்:

டெஃப் எஸ்என்எஃப்(ரீடிங், கொழுப்பு, பங்கு=0.25, கூட்டு=0.44):
    ரிட்டர்ன் ரீடிங் / 4 + பங்கு * கொழுப்பு + கூட்டு

புது எண்களைப் போட்டதும் எல்லாருக்கும் 7 + 0.8 + 0.36 = 8.16 வந்தது. அவனுக்கு மட்டும் 1 + 5.6 + 0.36 = 6.96. முதலில் அவன் ஃபங்ஷனைத்தான் சந்தேகப்பட்டான். பக்கத்தில் இருந்தவளின் ஃபங்ஷனை அப்படியே காப்பி செய்து போட்டும் 6.96தான் வந்தது. ஃபங்ஷன் சரி என்றால் கோளாறு கூப்பிடுகிற இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று அவனே வரிக்கு வரி பார்த்து வந்து கண்டுபிடித்தான். தவறு எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்கிற இந்தப் பழக்கம் தனித்தனி ஃபங்ஷனாக எழுதியதால் கிடைத்தது. எல்லாவற்றையும் ஒரே நீள நிரலாக எழுதியிருந்தால் எந்தத் துண்டை மாற்றிப் பார்ப்பான்?

அதற்குப் பிறகு எல்லாரும் பெயர் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்கள்: எஸ்என்எஃப்(ரீடிங்=28, கொழுப்பு=4.0). இப்படி எழுதினால் எந்த வரிசையில் கொடுத்தாலும் சரியான இடத்துக்குப் போய்ச் சேரும். சோதனைக்கு எண் தேர்ந்தெடுப்பதைப் பற்றியும் அன்றைக்கு நிறையப் பேசினோம். ஒரு ஃபங்ஷனை ஒரே ஒரு தொகுதி எண்களை வைத்துச் சரி என்று சொல்லிவிட முடியாது. சோதனை எண்ணைப் பார்த்ததும் 'ஏதாவது தவறு செய்தாலும் இதே விடை வந்துவிடுமா?' என்று ஒரு தடவை கேட்டுப் பார்ப்பது நல்லது. பெரியது(4, 7), 5 என்ற முதல் நாள் எண்களும் இதே வகைதான்.

முதல் நாளோடு நின்ற கணக்கு

பால் பணம் பத்து நாளுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டு, தினசரி அளவுகளை ஒரு பட்டியலில் போட்டு மொத்தம் காண்பது அடுத்த பயிற்சி. இங்கே ரிட்டர்ன் வேறு விதமாகக் காலை வாரியது.

டெஃப் மொத்தம்(அளவுகள்):
    கூட்டல் = 0
    ஃபார் அளவு இன் அளவுகள்:
        கூட்டல் = கூட்டல் + அளவு
        ரிட்டர்ன் கூட்டல்

பட்டியலில் பத்து நாள் இருக்கிறது, வந்ததோ 6.5. முதல் நாள் அளவு மட்டும். ரிட்டர்ன், ஒவ்வொரு நாளாகச் சுற்றிவரும் ஃபாருக்குள் இருக்கிறது. முதல் சுற்றிலேயே ஃபங்ஷன் முடிந்துவிட்டது. நான்கு இடைவெளி குறைத்து, ஃபாருக்கு நேர் கீழே கொண்டுவந்தால் சரியாகிவிடும். எண்டரை அடித்ததும் கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கேயே ரிட்டர்னை எழுதிவிடுவதால் வருகிற தவறு இது. பிழைச் செய்தி எதுவும் வராது. சிவப்பு வந்தால் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். சிவப்பு வராமல் தப்பான எண் வருவதுதான் உண்மையில் ஆபத்து. பத்து நாள் பாலுக்கு ஒரு நாள் பணம் வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று கேட்டேன். "அப்பிச்சி சொசைட்டிக்கே கிளம்பிருவாருங்க" என்றான் ஒருவன், தன் தாத்தாவைச் சொல்லி.

தசமக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 0.1 + 0.2 என்று போட்டால் பைத்தான் 0.30000000000000004 என்று காட்டும். மெஷின் இரண்டின் அடிப்படையில் எண்களை வைத்திருப்பதால் வருவது. அதற்காகத்தான் தொகையில், புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கமாகச் சுருக்கும் ரவுண்ட். ஆனால் ரவுண்டைக் கடைசி ஃபங்ஷனில் மட்டும் போட வேண்டும். ஒவ்வொரு படியிலும் சுருக்கினால் கணக்கு பைசா பைசாவாக விலகிக்கொண்டே போகும்.

லிட்டரும் கிலோவும்

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு, முதல் நாள் 7ஐப் பார்த்துக் கேள்வி கேட்ட அதே பெண் இன்னொன்றைக் கேட்டாள். "விலை கிலோவுக்குத்தானுங்களே டீச்சர் போட்டோம்? பாலை லிட்டர்ல பெருக்கறோமே?"

சரியான கேள்வி. 10 கிராம் கணக்கில் விலை போட்டது ஒரு கிலோ பாலுக்கு. அளந்தது லிட்டர். ரீடிங் 28 என்றால் ஒரு லிட்டர் பால் 1.028 கிலோ. என்ன செய்யலாம் என்று அவளிடமே விட்டேன். அவள் பழைய ஃபங்ஷன் எதையும் தொடவில்லை. புதிதாக ஒன்று எழுதினாள்:

டெஃப் கிலோ(லிட்டர், ரீடிங்):
    ரிட்டர்ன் லிட்டர் * (1 + ரீடிங் / 1000)

பிறகு தொகையைக் கூப்பிடுகிற இடத்தில், 6.5 இருந்த இடத்தில் கிலோ(6.5, 28) என்று வைத்தாள். 6.682 கிலோ, 268.58 இருந்த இடத்தில் 276.1 வந்தது. வித்தியாசம் 7.52 ரூபாய். ஒரு வேளைப் பாலுக்கு. (திருத்திய ரீடிங்கைப் போடுவதா, அந்தச் சூட்டில் நேரில் பார்த்த 27ஐப் போடுவதா என்று பிறகு ஒரு சண்டை நடந்தது. அளக்கிற நேரத்தில் பால் எந்தச் சூட்டில் இருக்கிறதோ அந்த அடர்த்திதான் வேண்டும் என்றது ஒரு கட்சி. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 27ஐப் போட்டால் 6.6755 கிலோ.)

இந்த இடத்தில்தான் ஃபங்ஷனின் பலன் அவர்கள் கைக்கு வந்தது என்று நினைக்கிறேன். மற்ற நான்கையும் திறந்துகூடப் பார்க்காமல், ஒரு புதுத் துண்டைச் செருகி, முழுக் கணக்கையும் மாற்ற முடிந்தது. திருப்பித்தராத ஃபங்ஷனாக இருந்திருந்தால் அது நடந்திருக்காது. வீட்டுக்குப் போய், சொசைட்டியில் எடை போடுகிறார்களா அளவையில் அளக்கிறார்களா, விலைப்பட்டியல் எதற்கு என்று பார்த்துவரச் சொன்னேன். விசாரித்துவிட்டு வந்து ஆளுக்கொரு விவரம் சொன்னார்கள். இரண்டு பேர் கிலோ() ஃபங்ஷனை எடுத்துவிட்டார்கள், மற்றவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

பிறகு பார்த்தது

சில வாரம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல் 'மூன்றில் பெரியது' பயிற்சியைத் திரும்பக் கொடுத்தேன். பெரும்பாலோர் ரிட்டர்னோடுதான் எழுதினார்கள். இன்னும் பிரிண்ட் போட்ட ஓரிருவரும், அடுத்த வரியில் அதை இன்னொரு ஃபங்ஷனுக்குள் வைக்கப் போனபோது தாங்களாகவே நின்று திருத்திக்கொண்டார்கள். பால் கணக்குத் தாளைச் செய்யாமல், இடையில் சேர்ந்த ஒருவன் இருந்தான். அவன் முதல் நாள் எல்லாரும் நின்ற அதே இடத்தில் நின்றான். ஒருவனை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது, ஆனாலும் அவனுக்குப் பக்கத்து ஆள் கையில் வெறும் சீட்டைக் கொடுத்து விளக்கியதைப் பார்த்தபோது எனக்கு நிறைவாக இருந்தது.

இன்னும் தீராமல் இருப்பது இன்புட். ஃபங்ஷனுக்குள்ளேயே இன்புட் போட்டு "எத்தனை லிட்டர்?" என்று கேட்கிற பழக்கம் பலரிடம் அப்படியே இருக்கிறது. கணக்குப் போட வேண்டிய ஃபங்ஷன் கீபோர்டுக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். பத்து நாளுக்கு ஓட்டினால் பத்து தடவை கேட்கும். போதாததற்கு இன்புட் தருவது எழுத்துத் தொடர். 6 என்று அடித்து அதை 3ஆல் பெருக்கினால் 18 வராது, 666 வரும். ஃப்ளோட் போட்டு எண்ணாக மாற்ற வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், எங்கே மாற்ற வேண்டும் என்பதில்தான் தடுமாற்றம். இதற்கும் தாளையே மாற்றிப் பார்க்கப்போகிறேன். அடுத்த சுற்றில், எண்களை நிரலுக்குள் அடிக்காமல், ஒரு மாதப் பால் அட்டையை ஃபைலாகக் கொடுத்து அதிலிருந்து வரிவரியாகப் படிக்கச் சொல்லப்போகிறேன். உள்ளே இன்புட் இருக்கிற ஃபங்ஷன் அங்கே ஃபைலிலிருந்து எதையும் வாங்கிக்கொள்ள முடியாது. அட்டைகளைப் பிள்ளைகளே கொண்டுவருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். பெயரையும் உறுப்பினர் எண்ணையும் மறைத்துவிட்டுத் தரச் சொல்லியிருக்கிறேன்.